ஸ்க்ரூடிரைவர் இறங்கிய இடம்

நியூ ஜெர்சியில் இந்த வீட்டை வாங்கும்போது பின்பக்கத்து மர டெக்கைப் பார்த்துத்தான் மயங்கினோம். நாலு பனிக்காலம் போனதும், கால் வைத்தால் பலகை அமுங்க ஆரம்பித்தது.

முதலில் வந்த கான்ட்ராக்டர் நின்ற இடத்திலிருந்தே, மேல்பலகையை மாற்றினால் போதும், பர்மிட்டெல்லாம் எதற்கு, பாதிப் பணம் ரொக்கமாக வேண்டும் என்றார். பதிவு எண் கேட்டேன். அப்புறம் அவர் போனே எடுக்கவில்லை. (இங்கே வீட்டு ரிப்பேர் செய்பவர் மாநிலத்தில் பதிந்திருக்க வேண்டும், 500 டாலரைத் தாண்டினால் எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும்.)

இரண்டாவது ஆள் டார்ச்சோடு டெக்குக்கு அடியில் தவழ்ந்து போனார். டெக்கை வீட்டுச் சுவரோடு பிடித்திருக்கும் லெட்ஜர் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். டீயில் ஊறின ரஸ்க்கில் இறங்குவது மாதிரி இறங்கியது. மேலே ஃபிளாஷிங் தகடு இல்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆணி! இதன் மேல்தான் போன ஜூலையில் இருபது பேரை நிற்கவைத்து தோசை வார்த்துப் போட்டேன்.

இவர் கூலி, முதல் ஆள் கேட்டதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேரம் பேச வாய் வரவில்லை.

இப்போது தூணுக்குக் குழி தோண்டியாயிற்று. 3 அடி ஆழம், பனியில் உறையாத மண் வரைக்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்காமல் கான்கிரீட் ஊற்றக்கூடாதாம். மூன்று நாளாக அணில்கள்தான் இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.