அவர் நின்றார், நான் போனேன்

இருபது வயதுகளில் நான் வண்டியைப் பேய்வேகத்தில் ஓட்டியவன். திண்டுக்கல் – மதுரை நான்குவழிச் சாலை வந்த புதிதில், பல்சர் 220இல் ஸ்பீடாமீட்டர் 120 காட்டுவதைப் பார்ப்பதற்காகவே விடியற்காலையில் கிளம்புவோம். கொடைரோட்டில் ஒரு டீ, திரும்பவும் முறுக்கு. ஒருமுறைகூட விழுந்ததில்லை, யாரையும் இடித்ததில்லை. அதை வைத்தே எனக்கு வண்டி நன்றாக ஓட்ட வரும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அந்த முடிவை உடைத்தவர் ஒரு பூ வியாபாரி. சின்னாளபட்டிப் பிரிவுக்குப் பக்கத்தில், இன்னும் வெளிச்சம் வராத நேரம். எக்ஸெல் வண்டியின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை மல்லிகையோடு மீடியன் இடைவெளியில் அவர் சாலையைக் கடக்க வந்தார். நான் அவரைப் பார்த்தபோது பிரேக் பிடித்துப் பயனில்லை. அவர் சட்டென்று இரண்டு காலையும் ஊன்றி நின்றார். மூட்டையின் ஈரச் சாக்கு என் முழங்காலை உரசாத குறை. நான் போய்விட்டேன். கொஞ்ச தூரம் தள்ளி டீக்கடையில் கை நடுங்க நின்றுகொண்டிருந்தபோது அவரும் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, நீ தப்புனது உன் சாமர்த்தியம்னு நெனச்சுராத. நான் நின்னேன், நீ போன.”

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 33 மீட்டர். கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்தால் 50 மீட்டர் போயிருக்கும். பிரேக் வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். வண்டி நிற்க இன்னும் 80 மீட்டராவது வேண்டும். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவதோ ஏறக்குறைய 40, 50 மீட்டர். ஆக, இருட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். 60இல் வந்திருந்தால் மொத்தமே 45 மீட்டருக்குள் நிறுத்தியிருக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் வலு நான்கு மடங்காகும் என்று பள்ளியிலேயே படித்தவன்தான் நான்.

“உயிர் என்னோடது, போனா எனக்குத்தானே” என்று அந்த நாளில் சொல்லியிருக்கிறேன். அது பொய். பூக்காரரின் உயிரையும் அவரைக் கேட்காமலேயே பந்தயத்தில் வைத்திருந்தேன். நான் இடிக்காமல் போன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒதுங்கியிருக்கிறார், மண்ணில் இறங்கியிருக்கிறார், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் முகம் தெரியாது.

இந்தப் பந்தயத்தை ஊரறிய ஆடுகிறவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டப்போய்த் தூக்கி எறியப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்து, பைக்கையே எரித்துவிடலாம் என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அந்தக் கண்டிப்பு சரி என்பதே என் கருத்து. லட்சக்கணக்கான பிள்ளைகள் பார்த்துப் பழகும் வேகம் அது. 2022இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு பேர் போனது அதிவேகத்தால். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 17,884 பேர். நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 2018இல் மத்திய அரசு விதித்த உச்ச வரம்பு 80தான். அது பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் அதை யாருக்கோ போட்ட விதி என்றே நினைக்கிறார்கள்.

எனக்கு இன்றைக்கும் பயம் பழனி ரோட்டை நினைத்துத்தான். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வரும் பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல்லைத் தாண்டி ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக நடக்கிறது. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் அதிகம் நடப்பார்கள். செருப்பில்லாத கால், தோளில் தூங்கும் குழந்தை, முதுகில் போலீஸ்காரர் ஒட்டிவிட்ட ஒளிரும் ஸ்டிக்கர். கால் வலி தாங்காமல் ஓரமாகத் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடும் பாட்டிகள் உண்டு. பூக்காரர் மாதிரி சட்டென்று காலூன்றி நிற்கவோ விலகவோ அவர்களால் முடியாது.

வருகிற தையில் அந்த ரோட்டில் வண்டி எடுக்கும் தம்பிகளே, ராத்திரியில் 40ஐத் தாண்டாதீர்கள். கூட வருகிறவன் முறுக்கினால் அவன் போகட்டும், நீங்கள் பின்தங்குங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். பழனிக்குப் பஸ் இருக்கிறது.