கல்லைப் படித்த அல்பிரூனி

கி.பி. 973-ல் குவாரிஸம் நாட்டில் பிறந்த அல்பிரூனி, மலையருகே பெருங்கல், தள்ளிப் போனால் சிறுகல், கடலோரம் மணல் என்று கவனித்தார். வட இந்தியச் சமவெளி முன்பு கடல், ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று எழுதினார்.

எங்க அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி. நத்தை மாதிரி சுருண்ட கல்லைக் காட்டி, "இது எப்படிடா இங்க வந்துச்சு?" என்று கேட்டார். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் நம்ம ஊரும் கடல்தான் என்றேன். அப்பா கேட்டதும் அறிவியல் கேள்விதானே!

நந்தனா கோட்டையருகே மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழும் கோணத்தையும் அளந்து, அல்பிரூனி பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். நாம் சர்வே வகுப்பில் தியோடலைட் வைத்துப் போடுவதும் அதே முக்கோணக் கணக்குதான்.

நாற்பது வயதுக்கு மேல் சமஸ்கிருதம் கற்றார். கஷ்டமான மொழி என்று அவரே எழுதியிருக்கிறார், ஆனாலும் விடவில்லை. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிப் பெரிய நூலே எழுதி முடித்தார்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்து, இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்ததும் "நமக்கு இது சரிப்படாது, நின்னுடலாம்" என்று நினைக்கிற நண்பா! என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கும் அந்த நினைப்பு வந்ததுண்டு. நிற்க வேண்டாம். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடு, அடுத்த வரிக்குப் போ. இருவரும் சேர்ந்தே படிப்போம்!