ஹந்தானை மலையும் எலும்பின் கதையும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் ஏறத் தொடங்கினால், நகரின் ஆரவாரம் சிறிது சிறிதாகக் கீழே தங்கிவிடும். வளைவுக்கு வளைவு குளிர்காற்று முகத்தைத் தழுவும். அண்மையில் ஒரு காலைப்பொழுதிலே நாமும் அவ்வழியே ஏறினோம். 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அரும்பொருட்காட்சியகமாக விளங்குகிறது. அதனைக் காண்பதே நமது நோக்கம்.

வழியோரத்தில் ஊன்றுகோலுடன் மூதாட்டி ஒருவர் நின்றார். "பாத்துப் போங்க ஐயா, வழுக்கும்" என்றார். கொழுந்து பறித்த நாளிலே சரிவில் விழுந்து காலெலும்பை முறித்துக்கொண்டவராம். "எலும்பு கூடிச்சு, ஆனா மலையேற விடல" என்று சிரித்தார். மலையிலே உழைப்போருக்குக் காலே முதல். அது தளர்ந்தால் அன்றாடக் கூலியும் தளர்ந்துவிடுமன்றோ!

அந்தச் சிரிப்பு நம்மை விட்டகலவில்லை. அதே வீதியிலேதான் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இலங்கைக் காரீயத்தை, அதாவது பென்சிலுக்குள்ளிருக்கும் கரியை, அங்கே ஆராய்கின்றனர். அக்கரிக்கும் முறிந்த எலும்புக்கும் உறவுண்டு என்றால் மாணவர்கள் வியப்பார்கள்.

சிறு முறிவை எலும்பு தானே கூட்டிக்கொள்ளும். பெரிய இடைவெளி விழுந்தாலோ அதனால் இயலாது. அப்போது வைத்தியர் இடுப்பெலும்பில் சிறிது வெட்டியெடுத்து அங்கே வைப்பதுண்டு. ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்! இதனைத் தவிர்க்கவே செயற்கைப் பொருளை நாடுகின்றனர்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிமமாகும். அதனை ஆய்வுகூடத்திலும் ஆக்கலாம். உயிருள்ள எலும்பு அதனை அந்நியமென்று தள்ளாமல் ஒட்டிக்கொள்ளும். ஹந்தானை அடிவாரத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார், டைட்டேனிய உலோகத்தின்மீது அதனைப் பூசும் முறையை 2016இல் வெளியிட்டனர். ஆயினும் அக்கனிமம் தனியே நின்றால் ஓடுபோல் உடைந்துவிடும். இங்கேதான் கரி துணைக்கு வருகிறது. காரீயத்தை இரசாயன முறையால் ஓரணுத் தடிப்புள்ள ஏடுகளாகப் பிரித்துச் சிறிதளவு கலந்தால், களிமண் சுவருக்கு வைக்கோல்போல அவை வெடிப்பைத் தடுக்கும். ஏடுகளின்மீதுள்ள ஒட்சிசன் கல்சியத்தை ஈர்ப்பதால், புதிய எலும்பும் அங்கே படிய வழியுண்டாகும்.

இதற்கு வேண்டியவை நம் மண்ணிலேயே உண்டு. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் 90 வீதத்துக்கு மேல் தூய்மையான காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடுகிறது. 1971இல் கண்டறியப்பட்ட எப்பாவலைப் பாறையிலே பொசுபேற்று நிறைந்திருக்கிறது.

ஆனால் அவசரப்படலாகாது. கரியேடு உடலில் எளிதாகக் கரையாது. பல்லாண்டு தங்கினால் தீங்கு செய்யுமோ என்பதை உயிர்க்கலங்களிலும் விலங்குகளிலும் சோதித்து வருகின்றனர். அவ்வையம் தீர்ந்த பின்னரே அது நோயாளியிடம் வரவேண்டும்.

மாலையில் இறங்கும்போது மூதாட்டியின் திண்ணையில் அவர் பேத்தி பென்சிலால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கரி இன்னும் என்னவெல்லாம் செய்யவல்லது என்பதைச் சற்றுநேரம் அமர்ந்து அவளுக்குச் சொல்லிவிட்டே புறப்பட்டோம்.