'நாம்' என்று எழுதிக் கொடுத்தேன்

ஒன்பதாவது படிக்கிற எங்கள் தெருப் பையன் ஆகஸ்ட் 15க்குப் பள்ளியில் பேச எழுதிக் கேட்டான். 'நாம் விடுதலை பெற்றோம்' என்று ஆரம்பித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் ஃபிரடெரிக் டக்ளஸ் ஞாபகம் வந்து உறுத்தியது.

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியவர். ஆண்டையிடமிருந்து சட்டப்படி விடுபட, 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1852 ஜூலை 5 அன்று, அமெரிக்க விடுதலை நாளையொட்டி, ராச்செஸ்டர் நகரில் கொரிந்தியன் மன்றத்தில் பேசினார். 1776இன் தலைவர்களை முதலில் பாராட்டுகிறார். ஆனால் 'உங்கள்' முன்னோர், 'உங்கள்' விடுதலை என்றே சொல்லிக்கொண்டு போகிறார். பிறகுதான் அடி விழுகிறது: இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன இருக்கிறது?

வெறும் ஆவேசமில்லை, கணக்கும் வைத்திருந்தார். 1850ஆம் வருடச் சட்டப்படி, பிடிபட்ட கறுப்பரை ஆண்டையிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. இதுதான் 'விடுதலை' பெற்ற நாட்டின் நீதி.

எம்.ஏ. வகுப்பில் படித்த இலக்கணம்: 'நாம்' எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'நாங்கள்' சேர்க்காது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆண்டையும் அடிமையும் அதற்குள் ஒன்றாக ஒளிந்துகொள்ளலாம். டக்ளஸ் ஒளிய விடவில்லை. எனக்கோ தமிழ் இரண்டு சொல் கொடுத்திருந்தும் பொய்யான சொல்லை எடுத்திருக்கிறேன்.

மறுநாள் பையனிடம் இதையெல்லாம் சொல்லி, "மாத்தி எழுதித் தரட்டுமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அவர யாருண்ணே பேசக் கூப்பிட்டது?"

"அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம்."

"அவருக்குச் சங்கம் இருந்துச்சு. நான் பேசிட்டு இறங்குனா எனக்கு யாருண்ணே இருக்கா?"

பதில் வரவில்லை. அந்தப் பெண்கள் சந்தை நடத்திக் காசு திரட்டி டக்ளசின் பத்திரிகையைத் தாங்கியவர்கள். அந்தப் பேச்சை எத்தனையோ கூட்டத்தில் வீரம், வீரம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு மேடை போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பையன் 'நாம்' என்றே பேசினான். கைதட்டினார்களாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தோழர்களே, அவனை 'உங்கள்' என்று பேசச் சொல்வதற்கு முன்னால், அவன் இறங்கி வரும்போது மேடைக்குக் கீழே நிற்க நாம எத்தனை பேர் இருக்கோம்?