மணியையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு

லிந்துலையில் இருப்பவர்களுக்கு நுவரெலியா சுற்றிப் பார்க்கும் இடமல்ல. கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வரும் இடம். காலையில் பஸ் ஏறினால் அலுவலை முடித்துக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒன்பது வருடங்களாக நானும் அப்படித்தான் போய்வந்தேன். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில்தான் அந்த நகரத்தை முதன்முதலாக ஆறுதலாகப் பார்த்தேன். என்னுடன் பதினான்கு வயது மகளும், மணி என்ற எங்கள் நாயும் வந்தார்கள்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெற்றோர் லிந்துலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1977 ஓகஸ்ட் வன்செயலின் பின்னர் பல மலையகக் குடும்பங்களைப் போல அவர்களும் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் கிளிநொச்சிப் பக்கம். 2009இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2011இல் மகளுடன் சின்னம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தையல்தான் என் தொழில்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. கொரோனா என்ற நோயைப் பற்றி அப்போது எங்களுக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஊரடங்கு என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். வானொலியில் அதைக் கேட்டதும் என்னை அறியாமலே அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு சோடி உடுப்பு, ஒரு போத்தல் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி வைத்தேன். "எங்கேம்மா போகப்போறோம்?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. பெண்கள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். நான் வீட்டில் முகக்கவசம் தைத்தேன். அந்தப் பை மட்டும் கதவடியிலேயே இருந்தது.

அந்த நாட்களில் மகள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அவளுக்கு ஆறுதல் மணிதான். நான்கு வருடங்களுக்கு முன்னர் தேயிலைக் கானுக்குள் கிடந்த குட்டியை அவள்தான் தூக்கி வந்தாள். ஆனால் லயத்தில் வேறொரு கதை பரவியது. நாய், பூனையாலும் கொரோனா வரும் என்றார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் நோயாளி ஒருவரின் வீட்டு நாய்க்கு மெல்லிய தொற்று காணப்பட்டது உண்மை. ஆனால் நாயிடமிருந்து மனிதருக்கு அந்த நோய் பரவுவதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே கூறியது. இதையெல்லாம் விளங்கப்படுத்தியும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் மணியைக் கண்டால் கல்லை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பயம் வந்தால் மனிதர் முதலில் வாயில்லாத சீவனைத்தான் விரட்டுவார்கள்.

"எல்லாம் திறந்த பிறகு ஒருக்கா நுவரெலியாவில் தங்கி வருவோம்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஜூன் 28ஆம் திகதி ஊரடங்கு முழுவதுமாக நீக்கப்பட்டது. முகக்கவசத் தையலில் சேர்ந்த காசில் செப்டெம்பரில் நாள் குறித்தேன். "மணியும் வரணும். இல்லாட்டி நானும் வரல்ல" என்றாள் மகள். சின்னம்மாவுக்குக் காலில் வருத்தம். அவரால் நாயைக் காவல் காக்க முடியாது. நாங்கள் இல்லாத நேரம் யாராவது அடித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய காரணமொன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லிந்துலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். நடத்துநர் மணியைக் கண்டதும் கையை ஆட்டிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். சனம் நிறைந்த பஸ்ஸில் நாயை எங்கே வைப்பது? கடைசியில் தெரிந்த பையன் ஒருவரின் முச்சக்கரவண்டியைப் பேசினோம். "அக்கா, சீட்டில் சாக்கு விரிச்சிடுங்க, சத்தி எடுத்தா நீங்கதான் கழுவணும்" என்றார். போவதற்கு மட்டும் 1,500 ரூபா. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. இரண்டு நாள் மலை ஏறி இறங்கிய சம்பளத்தைவிட அதிகம் என்று மனம் கணக்குப் பார்த்தது. பிறகு கணக்கை விட்டுவிட்டேன்.

வழி முழுவதும் தேயிலை. ரதல்லையைத் தாண்டினால் ஏற்றமும் வளைவும். நானுஓயாவுக்கு ஏறும் அந்தக் குறுக்குப் பாதையில்தான் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அன்று எங்கள் தம்பி மெதுவாகத்தான் ஓட்டினார். மணி முதலில் நடுங்கிக்கொண்டு மகளின் மடியில் தலையைப் புதைத்திருந்தான். பாதி வழியில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். அதன் பிறகு தலையை வெளியே நீட்டிக் காற்றை மோந்தபடி வந்தான்.

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அங்கிருந்து நுவரெலியாவுக்கும் அதற்கப்பாலும் ஒரு சிறிய ரயில் பாதை 1900களின் தொடக்கத்தில் போடப்பட்டது. 1940களில் அது நின்றுபோனது. ஆகவே இன்றும் நுவரெலியாவுக்கு ரயிலில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்கி வேறு வாகனம் பிடிக்கத்தான் வேண்டும். நானுஓயா கழிந்ததும் தேயிலை குறைந்து லீக்ஸ், கரட், கோவாப் பாத்திகள் வந்தன. குளிர் காதுக்குள் ஏறியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பிதுருதலாகல இலங்கையின் மிக உயர்ந்த மலை, 2,524 மீற்றர்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் வசந்தகாலம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக ஊர் நிறைந்திருக்கும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. அந்த ஆண்டு முழுவதும் அறைகள் காலியாகக் கிடந்தன. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் குறைந்த காசில் ஓர் அறை கிடைத்தது. ஆனால் முதல் இரண்டு இடங்களில் நாய் என்றதும் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக, தன் வீட்டிலேயே இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் சிங்கள அம்மா ஒருவர் சம்மதித்தார். மணிக்கு ஊசி போட்ட அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாய் விறகுக் கொட்டிலில்தான் படுக்க வேண்டும்" என்ற நிபந்தனையுடன் விட்டார்.

பின்நேரம் நகரத்தில் நடந்தோம். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபாற் கந்தோரை எத்தனையோ தடவை அவசரத்தில் கடந்து போயிருக்கிறேன். அதன் கூரையில் கூர்க் கோபுரமொன்று இருப்பதை அன்றுதான் கண்டேன். விக்டோரியாப் பூங்கா வாசலில் நான் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்க மகள் உள்ளே போய்ப் பூக்களைப் பார்த்து வந்தாள். கைகழுவ வாளியும் சவர்க்காரமும் கடைக்குக் கடை இருந்தன. எல்லோரும் முகத்தை மூடியிருந்ததால் யார் எந்த ஊர், எந்தச் சாதி சனம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அது எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

இரவு கடும் குளிர். கொட்டிலில் கட்டிய மணி மெல்ல அழத் தொடங்கினான். மகள் களைத்து உறங்கிவிட்டாள். நான் எழுந்துபோய்க் கொட்டில் படியில் உட்கார்ந்து அவனை என் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டேன்.

முன்னர் சொன்ன காரணம் இதுதான். வன்னியில் எங்களிடம் ரைகர் என்றொரு நாய் இருந்தது. 2009 ஜனவரியில் விசுவமடுவிலிருந்து வெளிக்கிடும்போது உழவு இயந்திரப் பெட்டியில் மனிதருக்கே இடமில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டேன், எங்காவது போய்ப் பிழைக்கட்டும் என்று. அது எங்கும் போகவில்லை. பெட்டிக்குப் பின்னால் ஓடிவந்தது. மூன்று வயது மகள் கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாள். நான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். மனிதரே மடிந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு நாய்க்காக அழுவது வெட்கமென்று நினைத்தேன். அதனால் பதினொரு வருடங்களாக நான் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை.

விளக்கு எரிந்தது. வீட்டுக்கார அம்மா கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து நின்றார். ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். "முன்பு ஒரு நாயை விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். எங்கே, எப்போது என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "கமக் நெஹே நங்கி" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைத் தானே அவிழ்த்து, மணியைக் குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்படியில் சாக்கு விரித்துவிட்டார். காலையில் வந்து பார்த்தபோது மணி அவருடைய செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தான்.

ஞாயிறு காலை கிரகரி வாவிக்குப் போனோம். 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் அமைத்த வாவி அது. சீட்டு வாங்கும் பகுதிக்குப் போகாமல் வீதியோரக் கரையில் நடந்தோம். சவாரிக் குதிரையைக் கண்டு மணி முதலில் குரைத்தான், அது திரும்பிப் பார்த்ததும் மகளின் பின்னால் ஒளிந்தான். மகள் சத்தமாகச் சிரித்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். செலவு எல்லாம் சேர்த்து ஒரு மாதத் தையற் காசு. அதற்காக நான் வருந்தவில்லை.

வளர்ப்பு நாயுடன் வெளியே போக விரும்பும் சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள். வாகனத்தையும் தங்குமிடத்தையும் நாய் வருகிறதென்று முன்கூட்டியே சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். புறப்படுமுன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுங்கள். சங்கிலியைக் கையிலிருந்து விடாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியம், விசர்நாய்த் தடுப்பூசி. ஆண்டுதோறும் அதைப் போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தெரிந்த பின்னர் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

நாங்கள் திரும்பி வந்து ஒரு வாரம்தான் சென்றிருக்கும். ஒக்டோபர் 4ஆம் திகதி மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வந்தது. பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. கதவடியில் கிடந்த பையை நான் நுவரெலியாவுக்குக் கொண்டுபோக அவிழ்த்திருந்தேன். அதைத் திரும்ப அடுக்கவில்லை. அன்றிரவு செய்தி முடிந்ததும் மகள் என்னிடம் எங்கே போகப்போகிறோம் என்று கேட்கவில்லை. மணிக்கு எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்றுதான் கேட்டாள். இருவரும் போய்ப் பானையைத் திறந்து அளந்து பார்த்தோம்.