பாப்பிலிருந்து ஐமேப்புக்கு: அலுவலக மெயிலை மாற்றும் முறை

மெயில் கணக்கு பாப் முறையிலிருந்து ஐமேப் முறைக்குப் போகும்போது மெயிலின் அசல் இடம் மாறுகிறது. பாப் முறையில் சர்வர் வெறும் தங்கல் இடம். அங்கே வந்த மெயிலை அலுவலக சிஸ்டம் இறக்கிக்கொண்ட பிறகு, அசல் அந்த சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கும். ஐமேப் முறையில் அசல் சர்வரை விட்டு நகராது. சிஸ்டத்திலும் செல்போனிலும் தெரிவது அதன் நகல். மாற்றும் வேலையில் உள்ள அத்தனை சிக்கலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை. இதை மனத்தில் வாங்காமல் மவுஸைத் தொடுகிறவர் அலுவலகத்தின் பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்தோடு விளையாடுகிறார்.

பாப்பின் முதல் வரையறை 1984-இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 1988-இல் வந்து, 1996 மே மாதம் ஆர்எஃப்சி எனப்படும் இணைய வரையறை ஆவணங்களில் 1939-ஆம் எண்ணாக நிலைபெற்றது. ஐமேப்பை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கியவர் மார்க் கிறிஸ்பின். பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அதையே வளர்த்தார். 2012 டிசம்பரில் காலமானார். 2003-இன் ஆர்எஃப்சி 3501 அவர் பெயரில் வெளியானது. 2021-இன் ஆர்எஃப்சி 9051 அதன் திருத்திய வடிவம். இன்று செல்போனில் மெயில் படிக்கும் கோடிக்கணக்கானோர் இந்த மனிதரின் உழைப்பைப் பயன்படுத்துகிறார்கள். மெயில் கான்ஃபிகர் செய்து பிழைக்கிறவர்களில்கூட அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

சேலம், நாமக்கல் பகுதி அலுவலகங்களில் பாப் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அது மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்த டயல்-அப் நாள்களில் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசி மீட்டர் ஓடியது. கனெக்ட் செய்து, வந்ததை இறக்கி, எழுதி வைத்ததை அனுப்பி, உடனே துண்டிப்பதுதான் கட்டுப்படியாகும் வழி. சர்வரில் கிடைத்த இடமும் சில எம்பிதான். செவ்வாய்ப்பேட்டை மண்டி, சேகோ ஆலை, நாமக்கல் லாரி ஆபீஸ், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் அலுவலகம் எல்லாவற்றிலும் ஒரே சிஸ்டம், அதில் உட்காரும் ஒரே குமாஸ்தா. அந்தக் காலத்துக்குப் பாப் பொருத்தமான முறை. அதைக் கேவலமாகப் பேசுவது வரலாறு தெரியாமை.

நிலைமை மாறியது ஆள்கள் கூடியபோது. முட்டை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வளைகுடாவில் இருக்கும் வாங்குபவர் பில் ஆஃப் லேடிங் நகலில் ஒரு திருத்தம் கேட்டு எழுதுகிறார். சர்வரில் நகலை விட்டுவைக்கும்படி அமைத்திருப்பதால், நாமக்கல் அலுவலகத்தில் ஒருவர், துறைமுகத்தில் ஒருவர், செல்போனில் முதலாளி என மூன்று இடத்திலும் அதே மெயில் இறங்குகிறது. ஒருவர் பதில் போட்டது மற்ற இருவருக்கும் தெரியாது. பாப், அனுப்பிய மெயிலைச் சர்வருக்குக் கொண்டுபோவதில்லை. பதில் எழுதிய சிஸ்டத்தின் சென்ட் ஐட்டம்ஸில் மட்டும் அது கிடக்கும். ஒரே கேள்விக்கு இரண்டு விதமான பதில் போய்ச் சேருவது இப்படித்தான். ரிக் வண்டி சத்தீஸ்கரில் ஓட, மேனேஜர் பயணத்தில் இருக்க, கொட்டேஷன் திருச்செங்கோட்டு சிஸ்டத்தில் பூட்டிக் கிடப்பதும் இதே கோளாறு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்டு டிஸ்க் போனால் அசலும் போகும். ஜிஎஸ்டி சட்டம் கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. பில்லும் ஒப்புதலும் மெயிலில் வரும் காலத்தில் இந்த இழப்பு சிறியதன்று.

மாற்றும் வேலையில் முதல் படி கணக்கெடுப்பு. அந்த முகவரி எத்தனை சிஸ்டத்தில் பாப்பாக ஓடுகிறது, எதில் 'சர்வரில் நகல் விடு' என்ற டிக் இருக்கிறது, எத்தனை நாளில் நீக்கச் சொல்லியிருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தாளில் எழுத வேண்டும். டிக் இல்லாத சிஸ்டம் ஒன்று எங்காவது மாடியறையில் ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக அமைத்த ஐமேப் இன்பாக்ஸ் தானாகக் காலியாகும். 'மெயில் எல்லாம் காணோமுங்க' என்று வரும் அழைப்புகளில் பலவற்றின் காரணம் இதுதான்.

இரண்டாவது, அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலைக் கண்டுபிடித்து நகல் எடுப்பது. அவுட்லுக் 2010 முதல் பாப் கணக்கின் ஃபைல் டாக்குமெண்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அதற்கு முந்தியவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டாவுக்குள் இருக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் காப்பி செய்துவிட்டு சிஸ்டத்தை ஃபார்மட் அடிக்கும் பழக்கத்தில் அழிந்த அலுவலகக் கடிதங்கள் ஏராளம். அவுட்லுக்கை மூடிய பிறகே நகல் எடுக்க வேண்டும். 2002 பதிப்பு வரையிலான பழைய வகை பிஎஸ்டிக்கு 2 ஜிபி உச்ச வரம்பு. அதைத் தொட்ட ஃபைல் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். நகலின் மீது பழுதுநீக்கும் கருவியான ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த படி.

மூன்றாவது, சர்வரில் இடம். பிஎஸ்டி 6 ஜிபி, மெயில்பாக்ஸ் 1 ஜிபி என்றால் ஆண்டுவாரியாகப் பிரித்து, தேவையானதை மட்டும் ஏற்றுவதா, இடத்தை விலைக்கு வாங்குவதா என்று முதலாளியிடம் முன்கூட்டியே பேசி முடிவு கட்ட வேண்டும்.

நான்காவது, கணக்கு அமைப்பது. அவுட்லுக்கில் பாப் கணக்கை அப்படியே ஐமேப் ஆக்க முடியாது. அதே முகவரிக்கு இரண்டாவது கணக்காக ஐமேப்பைச் சேர்க்க வேண்டும். போர்ட் எண் உள்வரவுக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. இதில் விளக்க ஒன்றுமில்லை. ஜிமெயில் தனிக்கணக்குகளில் 2022 மே மாதத்துக்குப் பிறகு வெறும் பாஸ்வேர்டு செல்லாது. கூகுள் பக்கம் வழியாக உள்நுழையும் வசதி இல்லாத மென்பொருளுக்கு ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். பழைய பாப் கணக்கை நீக்கக் கூடாது. அது தானாக மெயில் எடுப்பதை நிறுத்திவிட்டு, அப்படியே இருக்க விட வேண்டும். சில மென்பொருள்களில் கணக்கை நீக்கினால் இறக்கி வைத்த மெயிலும் கூடவே போகும். காண்டாக்ட்ஸும் காலண்டரும் ஐமேப் வழியாகச் சர்வருக்குப் போகாது. அவற்றைத் தனியாக எடுத்து வைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஐந்தாவது படி பழைய மெயிலைச் சர்வரில் ஏற்றுவது. வேலையின் முக்கால் பங்கு இதுவே. வேலை தெரிந்த ஆள் யார் என்று காட்டிக்கொடுப்பதும் இதுவே.

முதல் தொல்லை தேதி. ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் அனுப்பிய தேதி உண்டு. அதைத் தவிர, மெயில் தன்னிடம் வந்து சேர்ந்த தேதி என்று சர்வர் தனியே ஒன்றை வைத்திருக்கும். பழைய மெயிலை அப்பெண்ட் கட்டளையால் ஏற்றும்போது மென்பொருள் அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சர்வர் அன்றைய தேதியைப் போட்டுவிடும். 2011-இல் வந்த விலைப்பட்டியலும் போன மாதம் வந்த புகாரும் ஒரே நாளில் வந்தவையாகச் செல்போனில் வரிசைகட்டி நிற்கும். ஆயிரக்கணக்கான மெயிலில் இது நேர்ந்த பிறகு திருத்துவது, எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றுவதற்குச் சமம். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து பத்து மெயிலை எடுத்து ஏற்றி, சிஸ்டம், வெப்மெயில், செல்போன் மூன்றிலும் தேதி சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் பதினோராவது மெயிலைத் தொடக் கூடாது. தேதி தவறினால் கருவியை மாற்ற வேண்டும். தண்டர்பேர்டு வழியாக ஏற்றிப் பார்க்கலாம். மெயில் ஏற்கெனவே வேறொரு ஐமேப் சர்வரில் இருந்தால், தேதியைக் காப்பாற்றிக் கொண்டுபோகும் ஐமேப்சிங்க் போன்றவை உண்டு.

இரண்டாவது தொல்லை ஃபோல்டர் பெயர். இந்தப் பகுதி வியாபாரிகள் பார்ட்டி பெயரிலேயே ஃபோல்டர் போடுவார்கள். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பார்கள். பல ஹோஸ்டிங் சர்வர்களில் புள்ளிதான் ஃபோல்டரையும் உள்ஃபோல்டரையும் பிரிக்கும் குறி. 'கே.எஸ்.' என்று தொடங்கும் பெயர் அங்கே போனால் கே என்ற ஃபோல்டருக்குள் எஸ் என்று பிளவுபடும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும். சாய்கோடு போட்ட பெயர்களுக்கு வேறு சர்வர்களில் இதே கதி. ஏற்றுமுன் புள்ளியையும் சாய்கோட்டையும் எடுத்துவிட வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தவர்களின் பாடு தனி. ஆர்எஃப்சி 3501 ஃபோல்டர் பெயரை நேரடியாகத் தமிழில் வைக்காது. திருத்திய யுடிஎஃப்-7 என்ற குறியீட்டில் மாற்றி வைக்கும். 'நாமக்கல்' என்பது யூனிகோடில் எட்டுக் குறி. சர்வரில் அது அம்பர்சாண்டில் தொடங்கி ஹைஃபனில் முடியும் 24 எழுத்துச் சரமாகிவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டும். அரைகுறை மென்பொருள் அந்தச் சரத்தையே காட்டும். அதைக் கண்டு வைரஸ் என்று சொல்லி ஃபோல்டரை அழித்த கைகள் உண்டு. ஆர்எஃப்சி 9051 யுடிஎஃப்-8 பெயர்களை நேரடியாக ஏற்கிறது. எல்லாச் சர்வரும் அங்கே வந்து சேரவில்லை.

மூன்றாவது தொல்லை வேகம். ஜிமெயிலில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்ற விடுவார்கள். 6 ஜிபி மெயிலுக்குப் பன்னிரண்டு நாள் கணக்காகிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே பிடியில் இழுத்துப் போட்டால் கணக்கே சில மணி நேரம் பூட்டிக்கொள்ளும். இழுத்துப் போடுவதிலும் ஒரு விதி: நகலெடுத்துத்தான் ஏற்ற வேண்டும், நகர்த்தக் கூடாது. நகர்த்தும்போது பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபோல்டர் ஃபோல்டராக, ஆண்டு ஆண்டாக, ஒன்று முடிந்து எண்ணிப் பார்த்த பிறகே அடுத்தது.

எண்ணுவது ஆறாவது படி. நாமக்கல்லில் லாரி லோடு ஏற்றும் இடத்தில் எண்ணிய மூட்டையை இறக்கும் இடத்திலும் எண்ணி டேலி செய்யாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. மெயிலுக்கும் அதே நியாயம். பிஎஸ்டியில் ஃபோல்டர்வாரியாக எத்தனை, வெப்மெயிலில் எத்தனை என்று எழுதி ஒப்பிட வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் அளவு மீறிய அட்டாச்மெண்டோ பழுதான மெயிலோ காரணமாக இருக்கும். கூடினால் இரட்டை ஏறியிருக்கும்.

இந்த ஆறு படிகளையும் இன்று முழுதாகச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பாப் கணக்கை நீக்கு, ஐமேப்பைச் சேர், புது மெயில் வருகிறதா பார், காசை வாங்கு என்பதே இளைஞர்களிடம் ஓடும் முறை. பழைய மெயில் கேட்டால் 'அது பழைய சிஸ்டத்துல இருக்குங்க' என்று பதில். அந்த சிஸ்டம் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கடைக்குப் போய் நாளாகியிருக்கும். செல்போனில் முகவரியும் பாஸ்வேர்டும் தட்டினால் மெயில் வந்துவிடும் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, மெயிலுக்கு ஓர் அசல் உண்டு என்பதே தோன்றுவதில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலும் குறை உண்டு. புது லேப்டாப்புக்குத் தாராளமாகச் செலவிடுபவர், பல நாள் உட்கார்ந்து ஏற்றி எண்ணிக் கொடுத்த வேலைக்கு 'ரெண்டு நிமிச வேலைக்கு இத்தனையாங்க?' என்று கேட்கிறார். ஒரு மெயிலும் காணாமல் போகாததால் எதுவும் நடக்காதது போலத் தெரிகிறது. அப்படித் தெரிய வைப்பதற்குத்தான் அத்தனை உழைப்பும் தேவைப்படுகிறது. கூலியைக் குறைத்தால் முதலில் கைவிடப்படுவது எண்ணிப் பார்ப்பது; அது போனால் தொழிலின் நாணயமே போயிற்று.

எண்ணி முடித்த பின் ஏழாவது படி, சென்ட் ஃபோல்டரை ஒன்றாக்குவது. ஒரு சிஸ்டம் சென்ட் என்றும் இன்னொன்று சென்ட் ஐட்டம்ஸ் என்றும் தனித்தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். எது எதற்கு என்று சர்வரே சொல்ல 2011-இன் ஆர்எஃப்சி 6154 வழி செய்தது. அதை மதிக்காத மென்பொருளில் கையால் காட்டிக்கொடுக்க வேண்டும். ஜிமெயில் அனுப்பிய மெயிலைத் தானே சேமிக்கும். அவுட்லுக்கும் சேமித்தால் ஒவ்வொன்றும் இரண்டாகும், ஆகவே அவுட்லுக்கில் அதை நிறுத்த வேண்டும்.

கடைசிப் படி அலுவலகத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பது. பாப்பில் பழகிய கை, இடம் அடைக்கிறது என்று செல்போனில் மெயிலை அழிக்கும். ஐமேப்பில் அது எல்லா இடத்திலும் அழியும். சர்வரே அசல் என்பதால் சர்வருக்கும் பேக்கப் வேண்டும். ஐமேப் என்பது பேக்கப் அன்று. பழைய பிஎஸ்டியை இரண்டு தனித்தனி டிஸ்கில், தேதி எழுதி, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வைக்க வேண்டும். ஓர் ஆடிட் முடியும்வரை பழைய சிஸ்டத்தில் கை வைக்கக் கூடாது. யாரும் எதையும் காணோம் என்று சொல்லாமல் அந்த ஆடிட் கடந்தபின், சர்வரில் பாப் வசதியை அணைத்து, பழைய பாப் கணக்கை நீக்கலாம். வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்க வேண்டிய இடம் அதுதான்.