நீண்ட ஆயுளா, நிறைந்த மனசா?

"வெளிநாட்டு வாழ்க்கை எப்படி?" என்று கேட்கும் சிநேகிதிகளுக்கு என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. என் கணவரின் உத்தியோகம் எங்களை முதலில் ஜப்பானுக்கும், பிறகு பின்லாந்துக்கும் அழைத்துக்கொண்டு போயிற்று. மூத்தவன் பிறந்தது யோகோஹாமாவில், சின்னவள் ஹெல்சிங்கியில். ஜப்பானில் 12 கோடிக்கு மேல் ஜனங்கள். பின்லாந்து முழுவதற்கும் சுமார் 56 லட்சம் பேர்தான். இரண்டுமே பணக்கார நாடுகள். ஆனால் வாழ்கிற விதம் இருக்கிறதே, மலைக்கும் மடுவுக்கும்!

ஜப்பானில் கர்ப்பம் என்று பதிவு செய்ததுமே கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். தாயின் எடை, ரத்த அழுத்தம், பிறகு குழந்தையின் வளர்ச்சி, தடுப்பூசி எல்லாம் அதிலேயே ஏறும். தாய்-சேய் கையேடாக 1948-லிருந்து நடந்துவரும் ஏற்பாடு இது. இன்னொரு ஆச்சரியம், அங்கேயும் பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கம் உண்டு! அதற்கு 'சதோகயேரி' என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெண் மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மதிய உணவைப் பரிமாறுகிறார்கள். வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் அவர்கள்தான். ஆறு வயசுக் குழந்தை தோளில் பையோடு தானே நடந்து பள்ளிக்குப் போகிறது. சாப்பாட்டில் மீன், காய்கறி, சோயா, கொஞ்சம் சோறு, எண்ணெய் குறைவு. ஒகினாவா தீவுப் பெரியவர்கள் வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததுமே எழுந்துவிட வேண்டும் என்பார்கள். இப்படிப் பல காரணங்கள் சேர்ந்து, ஜப்பானியப் பெண்களின் சராசரி ஆயுள் 87 வயசு. உலகில் மிக அதிகம் ஆயுள் உள்ளவர்கள் வரிசையில் எப்போதும் முன்னணியில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

சரி, குறையே இல்லையா? உண்டு. என் கணவர் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். எங்கள் குடியிருப்பில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். அப்பா முகத்தைக் குழந்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும். அளவு மீறி உழைத்துச் சாவதற்கு 'கரோஷி' என்று தனிச் சொல்லே இருக்கிறது அவர்கள் பாஷையில்! குழந்தை பிறந்தால் தகப்பனாருக்கும் நீண்ட லீவு சட்டத்தில் உண்டு. ஆனால் 2012-ல் அதை எடுத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2023-ல்தான் முப்பது பேராக உயர்ந்தது.

பின்லாந்து வேறு உலகம். டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் என்பதே ஆறு மணி நேரம்தான். அந்தக் குளிரிலும் கைக்குழந்தையை நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியோடு வெளியே தூங்க வைக்கிறார்கள். போனில் இதைக் கேட்ட என் மாமியார், "ஏண்டிம்மா, பச்சைக் குழந்தையைப் பனியில போட்டுட்டு நீ உள்ளே என்ன பண்றே?" என்று பதறிப் போனார். ஆனால் அந்த ஊர்க் குழந்தைகள் அப்படித்தான் சுகமாகத் தூங்குகின்றன.

1930-களில் அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 65 ஒரு வயசுக்குள் இறந்துகொண்டிருந்தன. 1938-ல் ஏழைத் தாய்மார்களுக்கு அரசாங்கம் ஓர் அட்டைப்பெட்டி கொடுக்கத் தொடங்கியது. உள்ளே குழந்தைக்கு உடுப்பு, படுக்கை, துணிகள். பெட்டியே முதல் தொட்டிலும்கூட! 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் கிடைக்கிறது. பெட்டி வேண்டாமென்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, நாலாம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். பரிசும் ஆச்சு, பரிசோதனையும் ஆச்சு! இந்தப் பெட்டியும், தாய்-சேய் நல நிலையங்களும், நாட்டின் மற்ற முன்னேற்றமும் சேர்ந்து, இன்று அந்த 65 சுமார் இரண்டாகக் குறைந்திருக்கிறது.

2022-லிருந்து தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு 160 வேலை நாள் லீவு. தகப்பன்மார் வண்டி தள்ளிக்கொண்டு பூங்காவில் உலாவுவதை அங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. என் கணவரும் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில்! சின்னவளைக் குளிப்பாட்டத் தெரிந்த அப்பா அவர். மூத்தவன் விஷயத்தில் அந்தப் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு வருஷம் பின்லாந்துதான் முதலிடம். ஜப்பான் 2024, 2025 இரண்டு வருஷமும் ஐம்பதுக்கும் பின்னால். ஆனால் பின்லாந்துப் பெண்களின் ஆயுள் சுமார் 84, ஜப்பானைவிடக் குறைவு. அந்த இருட்டும் தனிமையும் சாமானியமல்ல. வாரக்கணக்கில் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சுக்குரல் கேட்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பெட்டி கொடுத்தும், லீவு கொடுத்தும் அங்கே பிள்ளைப்பேறு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.26 குழந்தை; ஜப்பானில் 1.20. ஆக, சலுகைகளால் மட்டும் வீடு நிறைந்துவிடாது.

என்னைக் கேட்டால், குழந்தை வளர்க்கும் வயசில் பின்லாந்து, முதுமையில் ஜப்பான் என்பேன். இரண்டுக்கும் போக முடியாவிட்டால் என்ன? ஜப்பானிலிருந்து பசி தீருமுன் கையலம்பும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டை, ஆணோ பெண்ணோ, அவர்களே கழுவி வைக்கட்டும். பின்லாந்திலிருந்து, கைக்குழந்தையை அப்பா கையிலும் கொடுக்கிற வழக்கம். இதற்கு விசா வேண்டாம், செலவும் இல்லை. இன்று சாயங்காலமே ஆரம்பிக்கலாம்.